ஜாகுவார்: ஓடுடைக்கும் பற்களும் துண்டாகும் காடுகளும்

அமெரிக்கக் கண்டங்களில் வாழும் மிகப் பெரிய பூனையினம் ஜாகுவார். உலக அளவில் புலிக்கும் சிங்கத்துக்கும் அடுத்த இடம் அதற்கு. புலி, சிங்கம், சிறுத்தை, பனிச்சிறுத்தை ஆகியவற்றோடு பாந்தெரா என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அந்தப் பேரினத்தில் இன்று அமெரிக்க மண்ணில் வாழ்வது இது ஒன்றுதான். ஆசியாவையும் வட அமெரிக்காவையும் ஒரு காலத்தில் இணைத்திருந்த தரைப்பாலத்தைக் கடந்து இதன் மூதாதைகள் அங்கே போய்ச் சேர்ந்தன. பிறகு அவை தெற்கே பரவி, இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்மேற்கு மலைகளிலிருந்து அர்ஜென்டினாவின் புல்வெளிகள் வரை இடைவெளியின்றி வாழ்ந்தன. அந்த நிலப்பரப்பில் ஏறத்தாழப் பாதியை ஜாகுவார் இழந்துவிட்டது. உருகுவேயிலும் எல் சால்வடோரிலும் முற்றாக அழிந்துபோனது. எஞ்சியவற்றில் மிகப் பெரும்பாலானவை அமேசான் காட்டுக்குள் வாழ்கின்றன.

படத்தில் பார்க்கும் தமிழ் வாசகருக்கு ஜாகுவார் சிறுத்தையாகவே தெரியும். உற்றுப் பார்த்தால் வேறுபாடு புலப்படும். இரண்டின் தோலிலும் கரும்புள்ளிகள் வளைய வளையமாகக் கூடியிருக்கும். சிறுத்தையின் வளையத்துக்குள் வெற்றிடம்தான் இருக்கும். ஜாகுவாரின் வளையங்கள் பெரியவை, பலவற்றின் நடுவே ஒன்றிரண்டு சிறு புள்ளிகள் தெரியும். உடலமைப்பும் வேறு. சிறுத்தை மெலிந்து நீண்டது, வாலும் நீளம். ஜாகுவாருக்குத் தலை பெரிது, மார்பு அகலம், கால்கள் குட்டையாகவும் திரட்சியாகவும் இருக்கும், வால் குறுகியது. மரமேறுவதில் சிறுத்தைக்கு நிகரில்லை என்றாலும், கனத்த இரையைத் தரையில் இழுத்துச் செல்வதற்கும் ஆற்றுநீரில் நீந்திக் கடப்பதற்கும் ஏற்ற உடல் ஜாகுவாருடையது.

எடை இடத்துக்கு இடம் பெரிதும் மாறும். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் ஆண் ஜாகுவார் 50, 60 கிலோவோடு நின்றுவிடுகிறது. தெற்கே பிரேசிலின் பந்தநால் சதுப்புநிலத்தில் அதே விலங்கு 100 கிலோவை எளிதாகத் தாண்டுகிறது. 140 கிலோவுக்கும் மேற்பட்ட ஆண்கள் அங்கே பதிவாகியுள்ளன. நீரும் புல்லும் நிறைந்த பந்தநாலில் இரை பெரிது, ஏராளம். அடர்காட்டில் கிடைப்பதோ சிறு விலங்குகள்தான். உடல் அளவில் இத்தனை வேறுபாட்டைக் கண்ட பழைய விலங்கியலாளர்கள் ஜாகுவாரை எட்டு, ஒன்பது துணையினங்களாகப் பிரித்து வைத்திருந்தார்கள். பிற்கால மரபணு ஆய்வுகள் அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. அது ஏன் முக்கியமான செய்தி என்பது பின்னால் விளங்கும்.

கருஞ்சிறுத்தையைப் போலவே கரு ஜாகுவாரும் உண்டு. ஏறத்தாழப் பத்தில் ஒன்று கறுப்பு நிறத்தோடு பிறக்கிறது. சாய்ந்த வெயிலில் பார்த்தால் கறுப்புக்குள்ளும் புள்ளிகள் தெரியும். இரு விலங்குகளிலும் விளைவு ஒன்றாக இருந்தாலும் காரணம் ஒன்றல்ல. சிறுத்தையில் தாய், தந்தை இரு வழியிலும் கறுப்புக்கான மரபணு வந்தால்தான் குட்டி கறுப்பாகும். ஜாகுவாரில் ஒரு வழியில் வந்தாலே போதும். மாற்றம் நிகழ்ந்த மரபணுவும் இரண்டிலும் வெவ்வேறு.

ஜாகுவாரை மற்ற பெரும் பூனைகளிலிருந்து தனித்து நிறுத்துவது அதன் கடி. புலியும் சிங்கமும் சிறுத்தையும் பெரும்பாலும் இரையின் தொண்டையைக் கவ்வி, மூச்சை அடைத்துக் கொல்கின்றன. ஜாகுவாரும் அப்படிச் செய்வதுண்டு. ஆனால் அதற்கே உரிய முறை ஒன்று இருக்கிறது: இரையின் இரு காதுகளுக்கும் அருகே பற்களைப் பதித்து, பொட்டெலும்பைத் துளைத்து, மூளைக்குள் கோரைப்பல்லை இறக்கிவிடுகிறது. பெரிய கொறிவிலங்கான கேப்பிபாரா போன்றவை இந்த ஒரே கடியில் அடங்கிப்போகின்றன. உடல் எடையோடு ஒப்பிட்டு அளந்தால் பெரும் பூனைகளிலேயே வலிமை மிக்க கடி ஜாகுவாருடையது. குட்டையான தாடை, அதை இயக்கும் தடித்த தசைகள், அந்தத் தசைகள் பற்றிக்கொள்ள இடம் தரும் அகன்ற மண்டையோடு, எளிதில் முறியாத பருத்த கோரைப்பற்கள் ஆகியவை ஒன்றுசேர்ந்து அந்த வலிமையைத் தருகின்றன. பாக்குவெட்டியின் முனையில் வைத்த பாக்கைவிட அதன் கீலுக்கு அருகில் வைத்த பாக்கு எளிதில் உடைவது எதனாலோ, குட்டைத் தாடை கடிக்குக் கூடுதல் விசை தருவதும் அதனால்தான்.

இந்தப் பற்கள் எதற்கு ஏற்றவை என்பதை அதன் உணவு காட்டுகிறது. 85-க்கும் மேற்பட்ட வகை விலங்குகளை ஜாகுவார் தின்பது பதிவாகியிருக்கிறது. கேப்பிபாரா, காட்டுப்பன்றியைப் போன்ற பெக்கரி, மான், டாப்பிர், எறும்புத்தின்னி, குரங்கு, பறவை, மீன் என்று பட்டியல் நீளும். மற்ற பெரும் பூனைகள் அரிதாகவே தொடும் கவச விலங்குகள் இதன் வழக்கமான இரை: முதலை இனத்தைச் சேர்ந்த கெய்மன், ஓடு மூடிய அர்மடில்லோ, ஆமை. கோஸ்டா ரிக்காவின் கரீபியக் கடற்கரையில் தோர்த்துகேரோ தேசியப் பூங்கா இருக்கிறது. முட்டையிடப் பச்சைக் கடலாமைகள் அங்கே இரவில் கரையேறும். ஜாகுவார் மணலில் வந்து, பெரிய ஆமையின் கழுத்தைக் கடித்துக் கொன்று, கடலோரப் புதர்வரை இழுத்துச் செல்கிறது. பிறகு மேலோட்டுக்கும் கீழோட்டுக்கும் நடுவே முன்னங்காலை விட்டு இறைச்சியைத் துழாவி எடுத்துத் தின்கிறது. அந்த ஆமை பெரும்பாலும் அந்த ஜாகுவாரைவிட எடை மிகுந்ததாக இருக்கும்.

கெய்மன் வேட்டையைக் கண்ணால் காண்பதற்கு உலகில் சிறந்த இடம் பந்தநால். போக்கோனே என்ற ஊரிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட பாலங்களைக் கடந்து செல்லும் மண்சாலை, போர்த்தோ ஜோஃப்ரே என்ற படகுத்துறையில் முடிகிறது. அங்கே ஓடுவது குயாபா ஆறு. வறண்ட பருவத்தில் நீர் வற்ற, கெய்மன்கள் மணல்திட்டுகளில் வாய்பிளந்து வெயில் காயும். ஜாகுவார் கரையோரச் செடிகளுக்குள் தலையைத் தாழ்த்தி மெல்ல நடக்கும். சில வேளை கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய ஆற்றில் இறங்கி நீரோட்டத்தோடு மிதந்து வரும். நெருங்கியதும் பாயும். நீர் கலங்கி எழுந்து அடங்கும்போது, கெய்மனின் முதுகின்மேல் ஜாகுவார் படுத்திருக்கும். அதன் பற்கள் தலையும் கழுத்தும் சேரும் இடத்தில், பிடரிக்குப் பின்னே இறங்கியிருக்கும். அங்கே கடித்தால் தண்டுவடம் அறுந்துவிடும். கெய்மனின் வாய் முன்னே திறந்து கிடந்தாலும் பின்னால் இருப்பதை எட்டாது. வால் ஓரிரு முறை அடித்து ஓயும். பிறகு தன் எடைக்குச் சற்றே குறைந்த அந்த உடலைக் கவ்வியபடி ஜாகுவார் செங்குத்தான கரையில் ஏறிப் புதருக்குள் மறைந்துவிடும். 2013-இல் இந்த வட்டாரத்தில் எடுக்கப்பட்ட இத்தகைய காட்சிகள் உலகெங்கும் பரவின. ஜாகுவாரைப் பார்க்கவே பந்தநாலுக்கு வருவோர் கூட்டம் பெருகியதில் அந்தப் படங்களுக்கும் பங்குண்டு.

பூனை தண்ணீருக்கு அஞ்சும் என்ற எண்ணம் ஜாகுவாரிடம் செல்லாது. வடக்குப் பந்தநாலில் உள்ள தாயமா சரணாலயப் பகுதியில் வாழும் ஜாகுவார்களின் உணவை ஆராய்ந்த குழு 2021-இல் வெளியிட்ட முடிவு விலங்கியலாளர்களையே வியக்க வைத்தது. அங்குள்ளவை பாலூட்டிகளைவிட மீனையும் நீர்வாழ் ஊர்வனவற்றையும் நம்பியே வாழ்கின்றன. இரை இவ்வளவு தாராளமாகக் கிடைப்பதால் அங்கே ஜாகுவார்கள் நெருக்கமாக வாழ்கின்றன. தனித்தே திரியும் என்று கருதப்பட்டவை ஒன்றோடொன்று விளையாடுவதும், ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதும் தானியங்கிக் கேமராக்களில் பதிவாயின. ஆண்டின் பெரும்பகுதி நீர் சூழ்ந்த அந்தச் சரணாலயத்தில் கால்நடைப் பண்ணையும் இல்லை, குடியிருப்பும் இல்லை. மனிதர் தலையீடு இல்லாவிட்டால் ஒரு பெரும் பூனை எப்படி வாழும் என்பதைக் காட்டும் இடங்கள் உலகில் குறைவு. தாயமா அவற்றில் ஒன்று.

மற்ற இடங்களில் ஜாகுவார் தனிமை விரும்பியே. ஓர் ஆண், பல பெண்களின் எல்லைகளை உள்ளடக்கிய பெரும் பரப்பில் உலவுகிறது. மரப்பட்டையைக் கீறியும் சிறுநீர் தெளித்தும் எல்லையை அறிவிக்கிறது. அதன் குரல் சிங்கத்தின் கர்ஜனையைப் போல் நீண்டு ஒலிப்பதில்லை. மரம் அறுக்கும் ரம்பத்தைப் போல் கரகரவென்று விட்டுவிட்டு வரும். பிரேசிலில் இதை 'எஸ்தூர்ரோ' என்பார்கள். சுரைக்குடுவையைக் கொண்டு அந்த ஒலியை எழுப்பி ஜாகுவாரை அருகே வரவழைப்பது பழைய வேட்டைக்காரர்களின் தந்திரம். பெண் ஏறத்தாழ 100 நாள் கருவைச் சுமந்து பெரும்பாலும் இரண்டு குட்டிகளை ஈனுகிறது. குட்டிகள் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் தாயோடு இருந்து வேட்டை பழகுகின்றன. தந்தைக்கு வளர்ப்பில் பங்கில்லை. காட்டில் ஆயுள் 12 முதல் 15 ஆண்டுகள்.

மனிதரைத் தாக்குவதில் புலி, சிறுத்தைகளோடு ஒப்பிட்டால் ஜாகுவாரின் பெயர் மிகக் குறைவாகவே அடிபடுகிறது. காயம்பட்டோ, குட்டிகளோடோ, இரையின் அருகிலோ இருக்கும்போது தாக்கியதுண்டு. 2025 ஏப்ரலில் பந்தநாலில் ஒரு பண்ணைக் காவலர் ஜாகுவாரால் கொல்லப்பட்டது பிரேசில் முழுவதையும் அதிரவைத்தது. அத்தகைய நிகழ்வு அங்கே அவ்வளவு அரிது.

ஜாகுவார் என்ற பெயர் தென் அமெரிக்கப் பழங்குடி மொழியிலிருந்து வந்தது. போர்த்துக்கீசியர் 1500-இல் பிரேசில் கரையில் இறங்கியபோது அந்தக் கடற்கரை நெடுகிலும் துப்பி மொழி பேசிய மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் இந்த விலங்கை 'யவாரா' என்பதுபோல் ஒலிக்கும் சொல்லால் அழைத்தார்கள். இரை தின்னும் கொடுவிலங்கு என்பது அதன் பொருள். போர்த்துக்கீசியர் காதில் விழுந்ததை அவர்கள் எழுத்தில் பதித்ததில் அது 'ஜாகுவாரா' ஆயிற்று; 17-ஆம் நூற்றாண்டிலிருந்து மற்ற ஐரோப்பிய மொழிகளும் அதை எடுத்துக்கொண்டன. ஐரோப்பியர் கொண்டுவந்த நாயைத் துப்பி மக்கள் அதற்குமுன் அறியாதவர்கள். கூரிய பல்லும் இறைச்சி தின்னும் பழக்கமும் உடைய புதிய விலங்குக்கும் அவர்கள் அதே சொல்லைக் கொடுத்தார்கள். அதனால் பழைய விலங்கைப் பிரித்துச் சொல்ல 'எத்தே' என்ற ஒட்டு சேர்ந்தது. 'உண்மையான' என்பது அந்த ஒட்டின் பொருள். துப்பிக்கு உறவான, பராகுவேயில் லட்சக்கணக்கானோர் பேசும் குவாரனி மொழியில் இன்றும் 'யகுவா' என்றால் நாய். 'யகுவாரெத்தே' என்றால் ஜாகுவார். அர்ஜென்டினாவின் ஸ்பானிய மொழியில் இந்த விலங்குக்கு வழங்கும் பெயரும் யகுவாரெத்தேதான்.

'ஒரே பாய்ச்சலில் கொல்வது' என்பதுதான் இந்தப் பெயரின் பொருள் என்று ஏராளமான நூல்களிலும் அறிவிப்புப் பலகைகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. கேட்க அழகாக இருப்பதால் அது திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. துப்பிச் சொல்லுக்குள் பாய்ச்சலும் இல்லை, ஒன்று என்ற எண்ணும் இல்லை. வேட்டையின் வேகத்தைக் கண்டு வியந்தவர்கள் பிற்பாடு பெயரின்மேல் ஏற்றிய விளக்கம் என்றே அதைக் கொள்ள வேண்டும்.

விலங்கியல் பெயரான பாந்தெரா ஓன்காவுக்கு வேறொரு கதை. லிங்க்ஸ் என்ற காட்டுப்பூனையைக் குறித்த லத்தீன் சொல் பழைய பிரெஞ்சில் 'லோன்ஸ்' என்று திரிந்தது. பிரெஞ்சில் சில பெயர்ச்சொற்களுக்கு முன்னே 'ல்' ஒட்டி வருவதால், இதிலுள்ள 'ல்' எழுத்தையும் அப்படிப்பட்ட ஒட்டு என்று எண்ணிப் பேச்சுவழக்கு அதைக் கழற்றிவிட்டது. எஞ்சிய 'ஓன்ஸ்' போர்த்துக்கீசிய மொழியில் 'ஓன்சா' ஆகி, கடல் கடந்து பிரேசில் சென்று ஜாகுவாரின்மேல் படிந்தது. பிரேசிலில் மக்கள் ஜாகுவார் என்று சொல்வதில்லை. 'ஓன்சா பிந்தாடா', அதாவது புள்ளி ஓன்சா என்கிறார்கள். 1758-இல் ஸ்வீடன் அறிஞர் கார்ல் லின்னேயஸ் தம் வகைப்பாட்டில் இந்த விலங்கைச் சேர்த்தபோது ஓன்கா என்ற பெயரையே இனப்பெயராக வைத்தார்.

ஸ்பானியர்கள் தாம் கேள்விப்பட்டிருந்த பெரும் பூனையின் பெயரையே இதற்கு இட்டார்கள். மெக்சிகோ முதல் பொலிவியா வரை சிற்றூர்களில் 'திக்ரே', அதாவது புலி என்றால் அது ஜாகுவார்தான். பூவெனஸ் அயர்ஸ் நகருக்கு வடக்கே, பரானா ஆற்றுக் கழிமுகத்தில் திக்ரே என்றே ஒரு நகரம் இருக்கிறது. அங்கே ஒரு காலத்தில் வேட்டையாடப்பட்ட ஜாகுவார்களால் வந்த பெயர் அது. இன்று அங்கே அந்த விலங்கு இல்லை. மெக்சிகோவின் அஸ்டெக் மக்கள் பேசிய நவாத் மொழியில் அது 'ஓசெலோத்'. 18-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு இயற்கையியலாளர் பூஃபோன் அந்தப் பெயரைத் தவறாக வேறொரு சிறிய பூனைக்கு வைத்துவிட்டார். ஓசெலாட் என்று உலகம் இன்று அறிவது அதைத்தான். மாயர்களுக்கு அது 'பலாம்'. யாஷ்சிலான் நகரை ஆண்ட மாயர் மன்னர்கள் தங்கள் பெயரிலேயே பலாம் என்பதைச் சேர்த்துக்கொண்டார்கள். சிச்சென் இத்சாவின் பெரிய பிரமிடுக்குள் புதைந்திருந்த பழைய கோயிலில், ஜாகுவார் வடிவில் செதுக்கிச் சிவப்பு பூசி, புள்ளிகளுக்குப் பச்சைக்கல் பதித்த அரியணை ஒன்று 1930-களில் கண்டெடுக்கப்பட்டது. இரவில் பாதாளத்துக்குள் பயணம் செய்யும் சூரியனை மாயர்கள் ஜாகுவாராகவே கண்டார்கள். அஸ்டெக் படையில் ஜாகுவார் தோல் போர்த்திய வீரர்கள் தனி அணியாக இருந்தார்கள். இங்கிலாந்தின் எஸ்.எஸ். கார் நிறுவனம் 1935-இல் ஒரு மாடலுக்கு ஜாகுவார் என்று பெயரிட்டு, 1945-இல் நிறுவனத்தின் பெயரையே அப்படி மாற்றிக்கொண்டது இந்த நீண்ட வரிசையில் மிக அண்மைக் காலச் செய்தி.

இவ்வளவு மதிக்கப்பட்ட விலங்கை 20-ஆம் நூற்றாண்டு தோலுக்காகக் கொன்று குவித்தது. 1962-இல் அமெரிக்க அதிபரின் மனைவி ஜாக்குலின் கென்னடி சிறுத்தைத் தோல் மேலங்கி அணிந்து தோன்றிய பிறகு, புள்ளித்தோல் ஆடை மோகம் உச்சத்துக்குப் போனது. 1960-களில் பிரேசிலின் அமேசான் பகுதியில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 15,000 ஜாகுவார்கள் கொல்லப்பட்டதாக மதிப்பிடப்பட்டது. 1968-இல் அமெரிக்காவுக்கு இறக்குமதியான ஜாகுவார் தோல்கள் 13,000-க்கும் மேல். ரப்பர் பால் எடுப்பவர்களும் ஆற்றோரக் குடிகளும் பொறிவைத்துப் பிடித்த விலங்கின் தோல், ஆற்று வணிகர்கள் கைமாறி நியூயார்க் கடைகளை அடைந்தது. 1967-இல் பிரேசில் வேட்டையைச் சட்டப்படி தடைசெய்தது. வனவிலங்கு வணிகத்தைக் கட்டுப்படுத்த 1975-இல் நடைமுறைக்கு வந்த சைட்டீஸ் உடன்படிக்கை, ஜாகுவாரை வணிகம் முற்றாக விலக்கப்பட்ட முதல் பட்டியலில் வைத்தது. இறக்குமதி செய்த நாடுகளின் சந்தை மூடியதும் தோல் வேட்டை சரிந்தது. வாங்குபவர் இல்லாமல் போனால் கொல்பவரும் குறைவார் என்பதற்கு வனவிலங்கு வரலாற்றில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது கடினம்.

அந்தப் படிப்பினை இப்போது மறுபடியும் தேவைப்படுகிறது. 2014 முதல் பொலிவியாவிலிருந்து சீனாவுக்கு அனுப்பப்பட்ட தபால் பொட்டலங்களில் ஜாகுவாரின் கோரைப்பற்கள் நூற்றுக்கணக்கில் சிக்கின. ஒரு விலங்குக்கு நான்கு கோரைப்பற்களே உண்டு என்பதை நினைத்தால் அந்த எண்ணிக்கையின் கனம் புரியும். ஆசியாவில் புலியின் பாகங்கள் கிடைப்பது அரிதானதும் அந்த இடத்தை ஜாகுவார் நிரப்பத் தொடங்கியிருக்கிறது என்று கவலைப்படுகிறார்கள் பாதுகாவலர்கள்.

ஆனாலும் இன்று ஜாகுவாரைக் கொல்வதில் வணிகரைவிடக் கால்நடைப் பண்ணையாளருக்கே பெரிய பங்கு. காட்டை அழித்துப் புல் விதைத்து மாடு விடுகிறார்கள். பெக்கரியையும் மானையும் அவர்களே வேட்டையாடித் தீர்க்கிறார்கள். இரை குறைந்த காட்டின் ஓரத்தில் காவலின்றி மேயும் கன்று ஜாகுவாருக்கு எளிய இரையாகிறது. ஒரு கன்று செத்தால் பண்ணையாளர் நாய்களோடும் துப்பாக்கியோடும் புறப்படுகிறார், அல்லது செத்த உடலில் நஞ்சு வைக்கிறார். நோயிலும் வெள்ளத்திலும் பாம்புக்கடியிலும் சாகும் மாடுகளின் கணக்கும் பல இடங்களில் ஜாகுவாரின் தலையில் விழுகிறது. பந்தநாலில் ஈட்டி ஒன்றை மட்டும் ஏந்தி ஜாகுவாரை எதிர்கொள்வது ஒரு காலத்தில் வீரமாகப் போற்றப்பட்டது. லாட்வியாவில் பிறந்து அங்கே குடியேறிய சாஷா சீமெல் என்பவர் அந்தக் கலையைப் பழங்குடியினரிடம் கற்று, நூற்றுக்கணக்கான ஜாகுவார்களைக் கொன்றதாகப் பெயர்பெற்றார். பண்ணையாளர்கள் அவரைக் கூலிக்கு அமர்த்தினார்கள். பகையின் வேர் அவ்வளவு பழையது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் இருக்கும் ஆபத்து காடு துண்டாவது. அமேசானின் தெற்கு, கிழக்கு விளிம்புகளை மேய்ச்சல் நிலமும் சோயா வயலும் ஆண்டுதோறும் தின்றுகொண்டே வருகின்றன. பராகுவே, அர்ஜென்டினா, பொலிவியா மூன்றிலும் பரவிய கிரான் சாக்கோ வறண்ட காடு உலகிலேயே மிக வேகமாக அழியும் காடுகளில் ஒன்று. பிரேசிலின் கடலோர அட்லாண்டிக் காட்டில் எஞ்சியிருப்பது சிதறிய துண்டுகள்தான். அங்கே வாழும் ஜாகுவார்கள் சில நூறுக்குள் அடங்கும். 2018-இல் வெளியான ஒரு மதிப்பீடு உலகில் சுமார் 64,000 ஜாகுவார்கள் இருப்பதாகவும், அவற்றில் பத்தில் ஒன்பது பங்கு அமேசானில் வாழ்வதாகவும் கணக்கிட்டது. வேறு ஆய்வுகள் மொத்த எண்ணிக்கையை இதைவிட மிகவும் கூட்டியும் சொல்கின்றன. எண்ணிக்கையைவிட 2018 மதிப்பீடு காட்டிய இன்னொன்று கூர்மையானது: 34 தனித்தனிக் கூட்டங்களாக ஜாகுவார்கள் பிரிந்திருக்கின்றன, அமேசான் கூட்டத்தைத் தவிர மற்ற 33-ம் அழிவின் விளிம்பை நோக்கி நகர்கின்றன. சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் ஜாகுவாருக்கு 'அச்சுறுத்தலை நெருங்கும் இனம்' என்ற மிதமான தகுதிதான் இருக்கிறது. அமேசானின் பெரிய எண் மற்ற எல்லா இடத்து நெருக்கடியையும் மறைத்துவிடுகிறது.

சிறு துண்டில் அடைபட்ட கூட்டம் தனக்குள்ளேயே இனம் பெருக்கி நலியும். ஒரு காட்டுத்தீ, ஒரு நோய் போதும், முழுவதும் போய்விடும். தீ எவ்வளவு செய்யும் என்பதை 2020 காட்டியது. அந்த ஆண்டு வறட்சியோடு மனிதர் வைத்த நெருப்பும் சேர்ந்து பந்தநாலின் கால் பங்குக்கும் மேற்பட்ட பரப்பை எரித்தது. போர்த்தோ ஜோஃப்ரேவை ஒட்டிய, ஜாகுவார்கள் செறிந்த பூங்காவின் பெரும்பகுதி சாம்பலானது. பாதங்கள் வெந்த நிலையில் ஆற்றங்கரையில் பிடிக்கப்பட்ட ஆண் ஒன்று மருத்துவமனையில் குருத்தணுச் சிகிச்சை பெற்று, அந்த ஆண்டே கழுத்துப்பட்டைக் கருவியோடு பந்தநாலில் விடப்பட்டது. தீ தாண்டிய நிலத்தில் நடக்க வேண்டியிருந்த எத்தனையோ விலங்குகளுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

ஜாகுவாருக்குத் துணையினங்களே இல்லை என்று மரபணு சொன்னதன் பொருள் இங்கே வருகிறது. மெக்சிகோ ஜாகுவாரும் அர்ஜென்டினா ஜாகுவாரும் மரபணுவில் பிரிந்துபோகவில்லை என்றால், தலைமுறை தலைமுறையாக ஆண்கள் காடுவிட்டுக் காடு நடந்து கலந்திருக்க வேண்டும். அமெரிக்க விலங்கியலாளர் ஆலன் ராபினோவிட்ஸ் இந்த முடிவைப் பற்றிக்கொண்டார். 1980-களின் தொடக்கத்தில் பெலீஸ் நாட்டின் காக்ஸ்கோம் பள்ளத்தாக்கில் ஜாகுவார்களுக்குக் கருவிப்பட்டை மாட்டி ஆராய்ந்தவர் அவர். அவர் முயற்சியால் 1984-இல் அந்தக் காட்டில் வேட்டை தடைசெய்யப்பட்டு, 1986-இல் உலகின் முதல் ஜாகுவார் சரணாலயம் உருவானது. சரணாலயங்களை மட்டும் காத்தால் போதாது, அவற்றுக்கிடையே விலங்கு நடந்து செல்லும் நிலத்தையும் காக்க வேண்டும் என்ற முடிவுக்கு மரபணு ஆய்வு அவரைக் கொண்டுவந்தது. யானை வழித்தடம் என்று தமிழகத்தில் பேசப்படுவதைப் போன்றதுதான் இதுவும். நீளம் மட்டும் மெக்சிகோவிலிருந்து அர்ஜென்டினா வரை. வழித்தடத்தில் வரும் நிலம் கரும்புத் தோட்டமாகவோ மாட்டுப் பண்ணையாகவோ இருக்கலாம். இரவில் கடக்கும் விலங்கைச் சுடாமல் விட்டால் அதுவே போதும். 2018-இல் மறையும் வரை அவர் நாடு நாடாகச் சென்று அரசுகளை இதற்கு இணங்க வைத்தார்.

பண்ணையாளரை இணங்க வைப்பதுதான் கடினம், அதற்கும் வழிகள் தெரிந்திருக்கின்றன. கன்று ஈனும் மாடுகளைக் காட்டோரத்திலிருந்து தள்ளி மேய்ப்பது, இரவில் மின்வேலிக்குள் அடைப்பது, கூட்டமாக நின்று எதிர்க்கும் எருமைகளையோ கூரிய கொம்புள்ள நாட்டுமாடுகளையோ மந்தையோடு கலப்பது ஆகியவை இழப்பைக் குறைக்கின்றன. மெக்சிகோவில் ஜாகுவார் கொன்ற மாட்டுக்கு இழப்பீடு தரும் காப்பீட்டு நிதி இருக்கிறது. அங்கே எண்ணிக்கை 2010-இல் ஏறத்தாழ 4,000 என்பதிலிருந்து 2024-இல் 5,300-ஐத் தாண்டியதாகக் கணக்கெடுப்பு காட்டுகிறது. போர்த்தோ ஜோஃப்ரே வட்டாரத்தில் 2017-இல் வெளியான கணக்கு இன்னும் தெளிவானது. ஜாகுவார் பார்க்க வரும் பயணிகளால் ஆண்டுக்கு 68 லட்சம் டாலர் வருமானம். அதே அளவு ஜாகுவார்கள் மாடு கொல்வதால் ஏற்படக்கூடிய இழப்போ சுமார் 1,21,500 டாலர். வருமானம் விடுதிக்காரருக்கும் இழப்பு பண்ணையாளருக்கும் போவதுதான் சிக்கல். விடுதி வருவாயில் ஒரு பங்கு பண்ணைக்குச் சேரும் ஏற்பாடு இல்லாதவரை அந்தக் கணக்கு காகிதத்தோடு நின்றுவிடும்.

வழித்தடத்தின் வடக்கு முனை அரிசோனா. அங்கே கடைசியாக அறியப்பட்ட பெண் ஜாகுவார் 1963-இல் சுடப்பட்டது. அதன்பின் மெக்சிகோவிலிருந்து ஆண்கள் மட்டும் தனியாக வருகின்றன. அவற்றில் ஒன்று 2011 முதல் 2015 வரை டூசான் நகருக்குத் தெற்கே மலைகளில் கேமராவில் பதிவானது; பள்ளி மாணவர்கள் அதற்கு 'எல் ஹெஃபே', தலைவன் என்று பெயரிட்டார்கள். பின்னர் அது காணாமல் போய், 2021-இல் மெக்சிகோவின் சொனோரா மாநிலத்தில் மீண்டும் பதிவானது. உடற்புள்ளிகளை ஒப்பிட்டு அதே விலங்கு என்று உறுதிசெய்தார்கள். இரு நாட்டு எல்லையில் எழும் எஃகுச் சுவர் நீளும்போது இப்படிப்பட்ட பயணத்துக்கான திறப்புகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன.

தெற்கு முனை அர்ஜென்டினா. நாடு முழுவதும் சேர்த்து 250 அளவிலேயே ஜாகுவார்கள் எஞ்சியுள்ளன. கொரியெந்தெஸ் மாநிலத்தின் ஈபெரா சதுப்புநிலத்தில் அது அழிந்து 70 ஆண்டுகள் ஆகியிருந்தன. கேப்பிபாராக்களும் மான்களும் நிறைந்த அந்த நிலத்தில் அவற்றை வேட்டையாடும் பெரும் விலங்கு இல்லாமல் போயிருந்தது. அங்கே வேலியிட்ட பெருவெளிகளில் மனிதர் கண்ணில் படாமல் குட்டிகள் வளர்க்கப்பட்டன; பிழைக்க வேட்டை கற்றே ஆக வேண்டும் என்பதற்காக உயிருள்ள இரை மட்டுமே உள்ளே விடப்பட்டது. 2021 ஜனவரியில் மரியுவா என்ற பெண்ணும் அதன் இரு குட்டிகளும் கதவு திறந்து வெளியேறின. அடுத்தடுத்த ஆண்டுகளில் மேலும் பல விடப்பட்டன. வெளியே பிறந்த குட்டிகளும் இப்போது அங்கே வேட்டையாடுகின்றன. ஈபெராவுக்கு வடமேற்கே சாக்கோ காட்டில் பெண்களே இல்லாமல் சில ஆண்கள் மட்டும் திரிந்துகொண்டிருந்தன. 2019-இல் அங்கே தடம் தெரிந்த ஓர் ஆணை வேலிக்குள் இருந்த பெண்ணோடு சேரவிட்டதில் 2021-இல் இரண்டு குட்டிகள் பிறந்தன. சாக்கோவுக்கும் ஈபெராவுக்கும் நடுவே இப்போது வயல்களும் பண்ணைகளும் நெடுஞ்சாலைகளும் கிடக்கின்றன. அங்கே பிறந்தது இங்கே நடந்து வரும் அளவுக்கு அந்த இடைவெளியைத் திறந்து வைப்பதுதான் அங்குள்ளவர்கள் கையிலெடுத்திருக்கும் அடுத்த வேலை.